அன்பை எதைக் கொண்டு அறிவது? ஏதென்ஸும் திருக்கோவலூரும்

ஒருவர் இன்னொருவரை விரும்புவது எதனால்? தன்னிடம் இல்லாத ஒன்றைத் தேடியா, எதிரில் இருப்பவரிடம் தனக்கு ஒத்த ஒன்றைக் கண்டா? விரும்பப்படுவது அந்த ஆளா, அவரிடம் உள்ள குணமா? இன்னொருவர் மனத்தில் அன்பு இருக்கிறது என்று எதை வைத்து நம்புவது? இந்த மூன்று கேள்விகளுக்கும் கிரேக்கச் சிந்தனையாளர்கள் தந்த விடைகள் உலகெங்கும் பாடமாக இருக்கின்றன. இதே கேள்விகளைத் தமிழில் எழுப்பியவர்களை நாம் புலவர்கள் என்றும் உரையாசிரியர்கள் என்றும் தனியே வைத்துவிட்டோம். அவர்களைச் சிந்தனையாளர்களாகப் படிக்கும் பழக்கம் இன்னும் வேரூன்றவில்லை.

இந்தக் கட்டுரை இரு மரபுகளையும் அருகருகே வைத்துப் பார்க்கிறது. தமிழ்ப் பக்கத்துக்கு மையமாகக் கொள்வது இன்றைய கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் திருக்கோவிலூர். மலையமான் திருமுடிக்காரி ஆண்ட பழைய கோவலூர் அது. தென்பெண்ணைக் கரையில் உள்ள இந்த ஊரோடு காதல், நட்பு, பக்தி ஆகிய மூன்றைப் பற்றியும் தமிழில் எழுந்த முக்கியமான சிந்தனைகள் ஏதோ ஒரு வகையில் தொடர்பு கொண்டிருக்கின்றன.

தொடங்குமுன் ஓர் எச்சரிக்கை. யவனர் கலங்கள் முசிறிக்குப் பொன்னோடு வந்து மிளகோடு திரும்பியதை அகநானூறு சொல்கிறது. சரக்கு வந்ததற்குச் சான்று உண்டு. தத்துவம் வந்ததற்கோ போனதற்கோ ஏற்கத்தக்க சான்று இல்லை. ஆகவே இங்கே செய்வது ஒப்பீடு மட்டும்தான். யாரிடமிருந்து யார் பெற்றார்கள் என்ற வழக்கு இதில் இல்லை.

ஏதென்ஸ் தந்த விடைகள்

கிரேக்கச் சிந்தனையில் அன்பு முதலில் மனித உணர்வாக வரவில்லை, உலகை இயக்கும் ஆற்றலாக வந்தது. மண், நீர், தீ, காற்று என்ற நான்கையும் சேர்ப்பது அன்பு, பிரிப்பது பகை என்றார் எம்பெடோக்ளீஸ். அதை மனித மனத்துக்குள் கொண்டுவந்து ஆராய்ந்த பெருநூல் பிளேட்டோவின் 'சிம்போசியம்'. கி.மு. 416-இல் நாடகப் போட்டியில் வென்ற அகத்தோனின் வீட்டு விருந்தில் ஒவ்வொருவராகக் காதல் தெய்வமான ஈரோஸைப் பற்றிப் பேசுவதாக நூல் அமைந்திருக்கிறது.

அந்தப் பேச்சுகளில் இரண்டு இன்றும் உயிரோடு இருக்கின்றன. நகைச்சுவை நாடகாசிரியர் அரிஸ்டோஃபனீஸ் ஒரு கதை சொல்கிறார். ஆதி மனிதர்கள் நான்கு கை, நான்கு காலோடு உருண்டையாக இருந்தார்கள். அவர்களின் செருக்கை அடக்கத் தலைமைக் கடவுள் சூஸ் அவர்களை இரண்டாகப் பிளந்தார். அன்றுமுதல் ஒவ்வொரு பாதியும் தன் மறுபாதியைத் தேடி அலைகிறது. அந்தத் தேட்டம்தான் காதல். பிறகு பேசும் சாக்ரட்டீஸ், மாந்தினேயா ஊரைச் சேர்ந்த தியோதிமா என்ற பெண் தனக்குக் கற்பித்ததாக வேறொன்றைச் சொல்கிறார். ஈரோஸ் வறுமைக்கும் வளத்துக்கும் பிறந்த பிள்ளை. எப்போதும் குறையோடு இருப்பவன், எப்போதும் வழி தேடுபவன். முதலில் ஓர் அழகிய உடலில் தொடங்கும் விருப்பம், எல்லா உடல்களின் அழகுக்கும், பிறகு உள்ளத்தின் அழகுக்கும், சட்டங்கள், அறிவுத் துறைகள் ஆகியவற்றின் அழகுக்கும் ஏறி, முடிவில் அழிவற்ற அழகையே காண்கிறது.

இரண்டு விடைகளும் 'குறை' என்ற ஒரே இடத்தில் நிற்கின்றன. அவற்றின் பலவீனமும் அங்கேதான். அரிஸ்டோஃபனீஸின் கதையில் மறுபாதி கிடைத்தபின் செய்வதற்கு எதுவும் மிச்சமில்லை. தியோதிமாவின் ஏணியில் முதலில் நேசிக்கப்பட்ட ஆள் கீழே விடப்படுகிறார். கிரெகரி விலாஸ்டாஸ் 1973-இல் வெளியிட்ட கட்டுரையில் எழுப்பிய குறை இதுவே: பிளேட்டோ நேசிப்பது குணங்களின் தொகுப்பை, முழு மனிதரை அன்று. இதற்கு மறுப்பும் உண்டு. நூலின் இறுதியில் குடிபோதையில் உள்ளே நுழையும் அல்கிபியாடீஸ், அழகு என்ற பொதுப்பொருளைப் பற்றி ஒன்றுமே பேசாமல் சாக்ரட்டீஸ் என்ற ஒற்றை மனிதரைப் பற்றி மட்டும் உள்ளம் கொதித்துப் பேசுகிறார். அந்தப் பேச்சைக் கடைசியில் வைத்த பிளேட்டோ தன் ஏணியின் விலையை அறிந்தே இருந்தார் என்கிறார் மார்த்தா நுஸ்பாம் (1986). இந்த வாசிப்புக்கே வலு அதிகம் என்று எனக்குப் படுகிறது.

அரிஸ்டாட்டில் வேறு வழியில் போனார். 'நிகோமாக்கிய அறவியல்' நூலின் எட்டாம், ஒன்பதாம் பகுதிகள் முழுவதும் நட்பைப் பற்றியவை. பயனுக்கான நட்பு, இன்பத்துக்கான நட்பு, பண்புக்கான நட்பு என மூன்றாகப் பிரித்து, கடைசி வகையில் நண்பன் இன்னொரு தானாகவே ஆகிறான் என்றார். எபிகூரஸ் காதல் வேட்கையை மன அமைதிக்குக் கேடு என ஒதுக்கி நட்பை உயர்த்தினார். ஸ்டோயிக் மரபின் தொடக்கத்தில் நின்ற சீனோ, ஈரோஸை நகரத்தை ஒற்றுமைப்படுத்தும் தெய்வமாகக் கண்டார்.

கபிலர் நடத்திய பாடம்

பிளேட்டோ ஒரு விருந்தை அமைத்துக் கேள்வியை எழுப்பினார் என்றால், தமிழ் மரபு ஒரு மாணவனை முன்வைத்து எழுப்புகிறது. பிரகத்தன் என்ற ஆரிய அரசனுக்குத் தமிழ் இன்னது என்று உணர்த்தச் சங்கப் புலவர் கபிலர் குறிஞ்சிப்பாட்டைப் பாடினார் என்பது பழைய குறிப்பு. தமிழைக் கற்பிக்க அவர் எடுத்தது எழுத்தையோ சொல்லையோ அன்று, ஒரு காதலை.

261 அடிகள் கொண்ட அந்தப் பாட்டில் வாதம் எதுவும் இல்லை. தலைவியின் மெலிவைக் கண்டு காரணம் புரியாமல் தவிக்கும் செவிலித்தாயிடம் தோழி நடந்ததைச் சொல்கிறாள். தினைப்புனத்தில் கிளி விரட்டப் போனோம், அருவியில் குளித்தோம், பூப்பறித்துப் பாறையில் குவித்தோம் என்று தொடங்கும் அந்தப் பேச்சில் 99 பூக்களின் பெயர்கள் வரிசையாக வருகின்றன. பிறகு வேட்டைநாய்களோடு ஒருவன் வருகிறான். மதம் கொண்ட யானை பாய்கிறது, அவன் காக்கிறான். காதல் பிறக்கிறது, திருமணம் செய்வதாக அவன் உறுதி சொல்கிறான். ஒளித்துவைத்த உறவை உரிய நேரத்தில் உரியவரிடம் சொல்லிவிடும் இந்தச் செயலை அகமரபு அறத்தொடு நிற்றல் என்கிறது. காதல் என்பது இருவருக்குள் முடியும் செய்தியாக இங்கே இல்லை. தோழி, செவிலி, ஊர், அலர் எல்லாம் சேர்ந்த ஒரு சூழலுக்குள் அது நிகழ்கிறது. பிளேட்டோவின் விருந்தில் காதலிக்கப்படுபவரின் குரல் அரிதாகவே கேட்கிறது. அகப்பாட்டில் பேசுகிறவர்களில் பெரும்பகுதியினர் பெண்கள்.

தொல்காப்பியம் இதன் இலக்கணத்தை வகுக்கிறது. ஒருதலை விருப்பமான கைக்கிளையும் பொருந்தாத விருப்பமான பெருந்திணையும் இரு ஓரங்களில் நிற்க, ஒத்த அன்பின் ஐந்திணை நடுவில் இருக்கிறது. தலைவனும் தலைவியும் எதிர்ப்படுவது ஊழின் ஏவலால். ஆனால் பிறப்பு, ஒழுக்கம், வயது, வடிவம், அருள், அறிவு, செல்வம் முதலிய பத்துப் பொருத்தங்களும் வேண்டும் என்று மெய்ப்பாட்டியல் சொல்கிறது. ஊழ் கூட்டுகிறது என்றால் பொருத்தம் எதற்கு? பொருத்தம்தான் கூட்டுகிறது என்றால் ஊழுக்கு என்ன வேலை? நூல் இந்த முரணைத் தீர்க்காமல் விட்டிருக்கிறது. கற்பியலில் இன்னொரு துணிச்சலான கருத்தும் உண்டு: பொய்யும் பிழையும் மனிதரிடையே தோன்றிய பிறகே திருமணச் சடங்குகள் ஏற்படுத்தப்பட்டன என்கிறது அது. சடங்கு அன்பின் ஊற்று அன்று, அன்பு தவறும்போது கட்டிய வேலி என்பது இதன் பொருள்.

குறையைத் தேடும் ஈரோஸுக்கும் ஒத்த அன்புக்கும் உள்ள தொலைவு இங்கே புலப்படுகிறது. தியோதிமாவின் கணக்கில் விரும்புகிறவன் ஒருவன், விரும்பப்படுவது வேறொன்று. ஐந்திணையில் இரு பக்கமும் விரும்பாவிட்டால் அது நடுத்திணையே ஆகாது. ஏதென்ஸில் ஈரோஸ் பற்றிய பேச்சு பெரும்பாலும் மூத்த ஆணுக்கும் இளையவனுக்கும் இடையிலான உறவைச் சுற்றி அமைந்தது. அங்கே சமமின்மை வழக்கமாகவே இருந்தது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

காணமுடியாத ஒன்றை ஊகித்தல்

மூன்று கேள்விகளில் கடினமானது மூன்றாவது. கபிலரே அதைத் தொட்டிருக்கிறார். குறுந்தொகை 18-ஆம் பாட்டில், சின்னக் காம்பில் பெரிய பலாப்பழம் தொங்குவதைக் காட்டி, இவள் உயிர் சிறியது, காமமோ பெரியது, இதை யார் அறிவார் என்று தோழி தலைவனிடம் கேட்கிறாள். 25-ஆம் பாட்டில் சிக்கல் இன்னும் கூர்மையாகிறது. மறைவில் நடந்த மணத்துக்குச் சாட்சி எவருமில்லை. அவன் மறுத்துவிட்டால் தலைவி என்ன செய்வாள்? அப்போது அங்கே இருந்தது ஆரல் மீனுக்காக ஓடுநீரைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு பறவை மட்டும். அதன் கால்கள் தினைத்தாள் போல மெலிந்தவை. அது கண்டது மீனையே, இவர்களை அன்று. ஒரே பாட்டில் நம்பிக்கை, சான்று, வாக்குறுதி மூன்றும் கேள்விக்கு உள்ளாகின்றன.

இதற்கு வாதமாக விடை தர முயன்றது இறையனார் அகப்பொருள் உரை. நக்கீரர் பெயரில் வழங்குவது, பல தலைமுறை வாய்வழி வந்து எட்டாம் நூற்றாண்டையொட்டி எழுத்துருப் பெற்றது என்று பலரும் கருதுவது. அன்பு எத்தன்மையது என்று கேட்டுக்கொண்டு அந்த உரை சொல்லும் விடை வியப்பானது. குடத்துக்குள் இருக்கும் விளக்கையும் உறைக்குள் இருக்கும் வாளையும் வெளியே எடுத்துக் காட்டுவது போல அன்பை எடுத்து இதோ என்று காட்ட முடியாது. அன்புடையவரின் செயல்களைக் கண்டு, அங்கே அன்பு இருக்கிறது என்று ஊகித்துக்கொள்ள மட்டுமே முடியும். பிறகு அடையாளங்களை அடுக்குகிறது: மற்றவர் இறந்தால் தானும் இறத்தல், மற்றவர் வருந்தினால் வருந்துதல், பொருள் கொடுத்தல், இனிமையாகப் பேசுதல், சேர்தலைப் பெரிதும் விரும்புதல், பிரிவுக்குப் பெரிதும் இரங்குதல்.

புகையைக் கண்டு நெருப்பை ஊகிக்கும் தருக்க முறையை அன்பின் மேல் பொருத்திய இடம் இது. கிரேக்கர்கள் அன்பு எதை நாடுகிறது என்று கேட்டார்கள். இந்த உரை அன்பு எப்படி அறியப்படுகிறது என்று கேட்கிறது. தமிழ் மரபு உலகச் சிந்தனைக்குத் தந்த தனித்த பங்களிப்பு ஒன்றைச் சொல்லச் சொன்னால் இந்தப் பத்தியைத்தான் முதலில் எடுத்துவைப்பேன்.

ஓட்டை இல்லாத வாதம் அன்று அது. பட்டியலில் உள்ள செயல்களில் பலவற்றை அன்பு இல்லாமலே செய்ய முடியும். பொருள் கொடுப்பவர் பயன் கருதியும் கொடுப்பார், இனிமையாகப் பேசுபவர் ஏமாற்றவும் பேசுவார். நடிக்க முடியாதது முதல் அடையாளம் ஒன்றுதான். அதுவோ காலம் கடந்த சான்று. தோழியின் கேள்விக்கு உயிரோடு இருக்கும்போது பயன்படும் விடை இன்னும் கிடைக்கவில்லை.

பாரி இறந்த பின்

அந்த முதல் அடையாளத்துக்குத் தமிழ் காட்டும் பெரிய சான்று காதலிலிருந்து வரவில்லை, நட்பிலிருந்து வருகிறது. பறம்பு மலையை மூவேந்தர் முற்றுகையிட்டு, அதன் தலைவனும் கபிலரின் நண்பனுமான பாரி மாண்டபின், அவன் மகளிரை அழைத்துக்கொண்டு கபிலர் விச்சிக்கோனிடமும் இருங்கோவேளிடமும் போனார். இருவரும் மணக்க மறுத்தார்கள். பெண்களைப் பாதுகாப்பான இடத்தில் ஒப்படைத்துவிட்டு அவர் வடக்கிருந்து உயிர்விட்டார் என்பது புறநானூற்று மரபு. திருக்கோவிலூர் வீரட்டானேசுவரர் கோயிலில் உள்ள முதலாம் இராசராசன் காலக் கல்வெட்டோ, பாரியின் மகளை மலையமானுக்குக் கொடுத்துவிட்டுக் கபிலர் தீயில் புகுந்தார் என்கிறது. தென்பெண்ணை ஆற்றுக்குள் நிற்கும் கபிலர் குன்று அந்த நிகழ்வின் இடமாகக் காட்டப்படுகிறது. பட்டினியா தீயா என்பதில் பாட்டும் கல்லும் ஒத்துப்போகவில்லை. ஒரு புலவரின் நட்பைப் பல நூற்றாண்டுக்குப் பிறகும் கல்லில் பொறித்துவைக்க ஓர் ஊர் விரும்பியது என்பதே இதில் உறுதியான செய்தி.

கபிலரின் கடைசிப் பாட்டாகக் கருதப்படும் புறநானூறு 236 தத்துவ நோக்கில் இன்னும் கவனம் பெற வேண்டும். அதில் கபிலர் பாரியைக் குறைகூறுகிறார். உன்னோடு வர என்னை விடாமல் பின்னால் நிறுத்திவிட்டாய், அதனால் என்னிடமிருந்து வேறுபட்டாய், நான் உனக்குத் தகுந்தவன் ஆகவில்லை போலும் என்பது அந்தக் குறை. பிறகு, மறுபிறப்பிலும் இருவரையும் ஊழ் கூட்ட வேண்டும் என்று வேண்டுகிறார். காதலுக்குத் தொல்காப்பியம் சொன்ன அதே ஊழ் இங்கே நட்புக்கு அழைக்கப்படுகிறது.

அரிஸ்டாட்டில் இதை எப்படிப் பார்த்திருப்பார்? நண்பன் இன்னொரு தான் என்ற கருத்தோடு இது பொருந்தும். ஆனால் நிலையில் மிகப்பெரிய இடைவெளி இருந்தால் நட்பு நிற்காது என்பதும், நண்பர்கள் சேர்ந்து வாழ வேண்டும் என்பதும் அவர் கருத்து. நிலத்தலைவனுக்கும் பாடிப் பிழைக்கும் புலவருக்கும் இருந்த நட்பு முதல் கருத்தைச் சோதிக்கிறது. இரண்டாவதைப் புலவர் பிசிராந்தையாரும் கோப்பெருஞ்சோழனும் சோதிக்கிறார்கள். ஒருவரை ஒருவர் முன்பு கண்டதே இல்லை. சோழன் வடக்கிருந்தபோது, வருவார் என்று அவன் சொன்னபடியே பாண்டிய நாட்டிலிருந்து ஆந்தையார் வந்து தானும் உயிர்விட்டார். பழகுவதைவிட ஒத்த உணர்ச்சியே நட்புக்குப் போதும் என்ற குறளின் நிலைப்பாடு இந்த வரலாற்றோடு சேர்த்தே படிக்கப்பட்டு வந்திருக்கிறது. அரிஸ்டாட்டில் பக்கத்திலும் நியாயம் உண்டு. சேர்ந்து உண்டு வாழாத நட்புக்குத் தவறு செய்ய வாய்ப்பே கிடைப்பதில்லை. சோதிக்கப்படாத நட்பை உயர்ந்ததென்று சொல்லிவிட முடியுமா என்று அவர் கேட்கலாம்.

இடைகழியில் மூவர்

அதே ஊரில் சில நூற்றாண்டுகளுக்குப் பிறகு இன்னொரு விடை பிறந்ததாக வைணவ மரபு சொல்கிறது. மழை இரவில் பொய்கையாழ்வார், பூதத்தாழ்வார், பேயாழ்வார் மூவரும் திருக்கோவலூரில் ஒரு வீட்டின் இடைகழியில் ஒதுங்கினார்கள். ஒருவர் படுக்கலாம், இருவர் உட்காரலாம், மூவர் நிற்கலாம் என்ற அளவே இருந்த இடம். நான்காவதாக ஒருவர் நெருக்க, யார் என்று காண விளக்கு தேவைப்பட்டது. பொய்கையார் உலகையே விளக்காக்கினார். பூதத்தார் தன் அன்பையே விளக்காக ஏற்றினார். பேயார் இறைவனைக் கண்டார். மூன்று திருவந்தாதிகளும் இந்நிகழ்வோடு இணைத்துச் சொல்லப்படுகின்றன.

பூதத்தாழ்வாரின் கருத்தை இறையனார் உரைக்கு எதிரே வைத்தால் ஒன்று தெளிவாகிறது. உரைக்கு அன்பு ஊகித்து அறியப்பட வேண்டிய பொருள். ஆழ்வாருக்கு அன்பே அறியும் கருவி. தியோதிமாவின் ஏணியும் இந்தத் திசையில்தான் போகிறது. ஆயினும் வேறுபாடு பெரியது. ஏணியில் ஏறியவர் காண்பது ஆளற்ற அழகு. இடைகழியில் வந்து நெருக்குவது ஓர் ஆள். பின்னால் வந்த நம்மாழ்வாரும் மாணிக்கவாசகரும் அகத்தின் தலைவன் தலைவியையே எடுத்துக்கொண்டார்கள். 400 பாட்டுள்ள திருக்கோவையாரைச் சிற்றின்பமாகவும் பேரின்பமாகவும் இரு வகையிலும் வாசித்தார்கள். பிரிவின் வலி இறைவனுக்காக ஆனபோதும் அந்த வலி குறையவில்லை. மானிடக் காதலர் அந்த வாசிப்பில் வெறும் குறியீடாகத் தேய்ந்தாரா என்பது பக்தி அறிஞர்களிடையே இன்னும் பேசப்படும் கேள்வி.

வெளியே நிறுத்தப்பட்டவர்கள்

இரு மரபுகளும் சேர்ந்து தவறிய இடம் ஒன்று உண்டு. அடியவர்களுக்கும் ஏவல் தொழிலாளர்களுக்கும் ஐந்திணைக்குப் புறமான கைக்கிளையும் பெருந்திணையும் உரியவை என்பது தொல்காப்பியம். பிறருக்குக் குற்றேவல் செய்பவர்களால் அறம், பொருள், இன்பம் மூன்றிலும் தவறாமல் நடப்பது அரிது என்று அதன் உரையாசிரியர் இளம்பூரணர் காரணம் காட்டுகிறார். கலித்தொகையில் கூனியும் குறளனும் காதல் பேசும் பாட்டு சிரிப்புக்குரியதாகவே அமைக்கப்பட்டிருக்கிறது. அரிஸ்டாட்டிலும் அடிமையோடு அடிமை என்ற வகையில் நட்பு முடியாது என்றார். மனிதன் என்ற வகையில் முடியும் என்று உடனே சேர்த்தும் சொன்னார். அந்தச் சிறிய திறப்பு இளம்பூரணரிடம் இல்லை. அதை ஒப்புக்கொள்ளாமல் அகமரபைப் போற்றுவது நேர்மையாகாது.

இளம்பூரணரின் காரணத்தைச் சற்றுத் திருப்பிப் பார்த்தால் அதுவே ஒரு கண்டனமாகவும் மாறும். அன்புக்குத் தன் பொழுதின் மேல் உரிமை வேண்டும் என்றால், அந்த உரிமையைப் பறிப்பது அன்பையும் பறிப்பதாகும். இதே மாவட்டத்துக் கல்வராயன் மலை 1970-களின் நடுப்பகுதி வரை ஜாகிர்தார்களின் பிடியில் இருந்தது. அங்கே வாழ்ந்த மலையாளிப் பழங்குடி மக்கள் கூலியில்லா ஊழியம் செய்ய நேர்ந்த வரலாற்றின் பக்கத்தில் இந்தச் சூத்திரத்தை வைத்துப் படிக்க வேண்டும். பெண்களின் நிலையும் இதில் சேரும். காதலை ஊரறியச் செய்ய மடலேறும் உரிமை பெண்ணுக்கு மறுக்கப்பட்டது. தலைவனின் பரத்தையர் பிரிவு ஒரு துறையாகவே ஏற்கப்பட்டது. ஒத்த அன்பு தொடக்கத்தில் இருக்கிறது, திருமணத்துக்குப் பிறகு ஒரு பக்கம் சாய்கிறது.

திணை நிலமா, மனமா?

நவீன ஆய்வுகள் பெரும்பாலும் வேறொரு கேள்வியில் பிரிந்தன. வ.சுப. மாணிக்கம் 'தமிழ்க் காதல்' (1962) நூலில் அகத்திணையை மனித காமத்தை நெறிப்படுத்தும் முழுமையான கோட்பாடாகக் கண்டார். ஏ.கே. ராமானுஜன் தன் மொழிபெயர்ப்பு நூலில் (1967) நிலத்தை உள்ளத்தின் உருவமாக வாசித்தார். க. கைலாசபதி (1968) வாய்மொழிப் பாணர் மரபை முன்னிறுத்தினார். திணைகளின் பின்னால் ஒன்றுக்கொன்று சமமின்றி வளர்ந்த பொருளாதாரங்களைக் கா. சிவத்தம்பி (1974) காட்டினார். தகனோபு தகஹாஷி (1995) இலக்கண நூல்களின் விதிகளும் பாட்டுகளும் எங்கெங்கே பொருந்தவில்லை என்று நுணுக்கமாகப் பிரித்துக் காட்டினார். ஹெர்மன் டீக்கன் (2001) இப்பாடல்களே பிற்காலப் படைப்புகள் என்றார். பெரும்பாலான அறிஞர்கள் அதை ஏற்கவில்லை.

உள்ளத்தின் உருவம் என்ற வாசிப்பு அழகானது, ஆனால் அது தினையை விளைவித்தவரை மறக்கச் செய்யும். பொருளாதார வாசிப்பு அவரை நினைவூட்டும், ஆனால் பலாப்பழப் பாட்டில் உயிரும் காமமும் ஏன் எடைபோடப்படுகின்றன என்பதற்கு அதனிடம் விடையில்லை. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டிய கட்டாயம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

குறிஞ்சியைக் கல்வராயன் மலையின் நேரடிச் சித்திரமாகக் கொள்வதும் கூடாது. பாட்டில் வருவோர் குறவர். இன்று மலையில் வாழும் மலையாளி மக்களின் வாய்மொழி வரலாறு தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்ததாகச் சொல்கிறது. சாமையும் தினையும் இரு இடத்திலும் விளைந்தன என்பதற்காக இரண்டையும் ஒன்றாக்கிவிட முடியாது.

தீராமல் நிற்பவை

விலாஸ்டாஸ் பிளேட்டோவிடம் கேட்டதைத் தொல்காப்பியத்திடமும் கேட்கலாம். அகப்பாட்டில் காதலர் எவர் பெயரையும் சுட்டக்கூடாது என்பது விதி. பெயரில்லாத தலைவனும் தலைவியும் ஆட்களா, வார்ப்புகளா? கபிலரின் அகப்பாட்டில் காதலருக்குப் பெயர் கிடையாது, அவர் பாரியைப் பாடும்போது பெயரே உயிர். ஒரே புலவர் காதலைப் பொதுவாகவும் நட்பைத் தனியாளாகவும் பாடியதற்கு மரபு மட்டும் காரணமா, அதன் பின்னால் ஒரு கொள்கை உண்டா? இதைத் தனியே ஆராய்ந்தால் பயன் உண்டு. ஊழுக்கும் பொருத்தத்துக்கும் உள்ள முரணை உரையாசிரியர்கள் ஒவ்வொருவரும் எப்படிக் கையாண்டார்கள் என்ற ஒப்பாய்வும் தேவை.

தமிழ்நாட்டில் 'சிம்போசியம்' கற்பிக்கப்படும் தத்துவ வகுப்பில் இறையனார் அகப்பொருள் உரையின் முதல் சூத்திர விளக்கமும் சேர்த்து வைக்கப்பட வேண்டும். சில பக்கங்கள்தான், அச்சில் கிடைப்பவைதான். தமிழ்த் துறையும் தத்துவத் துறையும் ஒரே மேசையில் உட்கார்ந்து அதைப் படிக்க முன்வந்தால் போதும்.